ஒரே நேரத்தில் ஆயிரம் தணிகைவேல்

வாழ்க்கைப் பயிற்சியாளர் தணிகைவேலின் முகமும் குரலும் கொண்ட செயற்கை நுண்ணறிவு நகல், ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. தொழில் கொடிகட்டிப் பறந்தது. திருச்சியில் மற்ற பயிற்சியாளர்கள் எல்லோரும் கடையைக் கட்டிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் மனைவி செண்பகம் பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். உடைந்துபோன மனிதருக்கு யோசனை கேட்க ஊரில் வேறு ஆள் இல்லை. வெட்கத்தை விட்டுத் தன் நகலையே அழைத்தார்.

"அவ போயிட்டா."

"போயிட்டாங்கன்னு சொல்லாதீங்க," என்றது நகல், அவருடைய அதே புன்னகையோடு. "உங்க வளர்ச்சிக்கு இடம் விட்டிருக்காங்கன்னு சொல்லிப் பாருங்க."

இதே வரிக்குத்தான் ஒரு காலத்தில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தணிகைவேல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழைய போட்டியாளர் அந்தோணிசாமியைத் தேடிப் போனார். பயிற்சி மையம் இருந்த இடத்தில் அந்தோணிசாமி பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்.

"தொழில் போனப்ப எப்படிய்யா சமாளிச்ச?"

"உன் நகல்கிட்டதான்யா வந்தேன். 'இது சரிவு இல்ல, சிறகு'ன்னுச்சு. நானும் கட்டில்ல படுத்துக்கிட்டு, முளைக்குதான்னு பாத்தேன்."

"அப்புறம்?"

"எம் பொண்டாட்டி எழுப்பி உக்கார வெச்சு நல்லாத் திட்டினா. மறுநாளே மாவு பிசைய ஆரம்பிச்சுட்டேன்."

தணிகைவேல் அங்கேயே நின்று மனைவிக்கு போன் போட்டார். "செண்பகம், வெச்சுடாத. ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிடு."

"நான் இப்பல்லாம் யாரையும் திட்டுறதில்லைங்க," என்றாள் அவள், மிக அமைதியாக. "உங்க நகல்கிட்டதான் பயிற்சி எடுத்துக்கிட்டேன்."