வலப்பக்கத்து வெட்டு

எங்கள் பேர்ண் வீட்டு நிலத்தடிக் கெல்லரின் சின்ன யன்னலால் சனிக்கிழமை வெயில் இறங்கி, வேலைமேசையில் கிடக்கும் வில்லின்மேல் விழுகிறது. என் மனிசன் குகநாதன் வலக்கையில் அரத்தைப் பிடித்து அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மீசையெல்லாம் மரத்தூள். நான் தேத்தண்ணியோடு கதவடியில் நிற்கிறேன். வில்லின் நடுவில் ஒரு பென்சில் கோடு. அதற்குக் கீழே, இன்னும் தோல் சுற்றாத கைப்பிடி. மேலே, அம்பு தங்குவதற்கு ஒரு சின்ன வெட்டு. என் கண் அந்த வெட்டை விட்டு அசையவில்லை. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அது இடப்பக்கம் இருக்கவேணும் என்று போன கிழமை இவர்தான் சொன்னார். இது வலப்பக்கம் இருக்கிறது. இவருடைய வில்வித்தைக் கிளப் படத்தில் இவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற சிமோனா இடக்கைக்காரி.

“ஆருக்குச் செய்யிறியள்?”

“எனக்குத்தான்.”

“அப்ப வெட்டு ஏன் மற்றப் பக்கம் கிடக்குது?”

அரத்தை வைத்துவிட்டு நாணைப் பூட்டுகிறார். வில்லை வலக்கையில் பிடித்து, இடக்கையால் காதுவரை இழுக்கிறார். தோள் அசையவில்லை, மூச்சு வாங்கவில்லை. இப்படி இலகுவாக இவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

“நான் பிறவியிலை இடக்கை. சோத்துக்கும் எழுத்துக்கும் அம்மா அடிச்சு மாத்தினவ,” என்கிறார். “வில்லுக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை.”

நாணை மெல்லத் தளர்த்துகிறார். கோப்பையை நீட்டுகிறேன். வலக்கையால் வாங்குகிறார். இத்தனை வருசமாக எனக்குச் சோறு குழைத்துத் தந்த அந்தக் கையை, முதல்முறையாக உற்றுப் பார்க்கிறேன்.