தொப்பியில் மூன்று காளான்

எங்கள் வீட்டு நாய் சோதனை போட்ட பிறகுதான் மனிதர்களை உள்ளே விடும். முதலில் சட்டைப்பை, அப்புறம் இடுப்பு, தொப்பி, கடைசியாக வாய்.

இதைச் சொன்னால் அருவங்காட்டில் யாரும் நம்புவதில்லை. என் மச்சினன் மயில்சாமி நம்பவே மாட்டான். இத்தனைக்கும் முதலில் சோதனைக்கு ஆளானவனே அவன்தான்.

நான் வெடிமருந்துத் தொழிற்சாலை கேட்டில் முப்பத்தொரு வருடம் சோதனை போட்டவன். ஒரு தீக்குச்சி என்னைத் தாண்டிப் போனதில்லை. பீடி நினைப்போடு ஒருவன் வந்தாலே எனக்கு வாசம் தெரியும். ஓய்வு பெற்ற மறுநாளே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த வருடம்தான் ராணி போனாள். எங்கள் முதல் நாய். தோட்டத்தில் முளைத்த வெள்ளைக் காளானைத் தின்றுவிட்டாள். ஒரு நாள் வாந்தி. மறுநாள் தேறி வாலாட்டினாள். நான்காம் நாள் இல்லை.

இந்தக் கதையில் நான் எதையும் கூட்டிச் சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

அடுத்து வந்த குட்டிக்கு ஏட்டய்யா என்று பெயர் வைத்தேன். பெயருக்கேற்ற மரியாதையும் கொடுத்தேன்.

விடிந்ததும் அவரை அவிழ்ப்பதற்கு முன் தோட்டத்தை ஒரு சுற்று வருவேன். கையில் உறை, கரண்டி, மூடி போட்ட பெயிண்ட் வாளி. காளான்களை அடித்தண்டோடு தோண்டி உள்ளே போட்டு மூடிவிடுவேன். எங்கள் ஊர் ஆடி மழையில் ஒன்றை எடுத்து நிமிர்வதற்குள் செருப்பில் இரண்டு முளைத்திருக்கும். ஒருமுறை ஒரு காளான் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது.

அதற்கப்புறமும் ஏட்டய்யா கயிற்றோடுதான் உலாவுவார். திரும்பி வந்ததும் வாசலில் சோதனை. பாதம், காது, வாய். காளான் வாசம் பட்டால் அவர் வாய் வைக்கக் கூடாது. உட்கார்ந்து ஒரே ஒரு குரை குரைக்க வேண்டும். சரியாகச் செய்தால் பாதி வர்க்கி பிஸ்கட்.

போன ஆடியில் மயில்சாமி அன்னூரிலிருந்து வந்திருந்தான். வாளியைப் பார்த்ததும் வயிற்றில் அடித்துக்கொண்டான்.

“ஏனுங்க மச்சான், இடி இடிச்சாப் புத்துல முளைக்கிற காளானுங்க இது. எங்கூர்ல இதுக்கு அடிதடியே நடக்கும். நாக்கு நுனியில வெச்சுப் பார்த்தாத் தெரிஞ்சு போவுது. காந்துனா விஷம், இல்லாட்டிக் கொழம்பு.”

“ராணிக்கும் காந்தலை மாப்ளே. கையை எடு.”

வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் வாசற்படியில் ஏட்டய்யா உட்கார்ந்திருக்கிறார். எதிரே குரங்குக் குல்லாயோடு மயில்சாமி.

ஒரே ஒரு குரை.

மயில்சாமி இடப்பக்கம் நகர்ந்தான். ஏட்டய்யாவும் நகர்ந்தார். பின்னங்காலில் எழுந்து அவன் நெஞ்சில் கைவைத்தார். எழுந்து நின்றால் ஏட்டய்யா எட்டடி. என் மனைவி தங்கமணி நாலடி என்பாள், அவளுக்குப் பார்வை மட்டு.

இடது பை. வலது பை. இடுப்பு. அப்படியே என் பாணி. ஒவ்வொன்றும் முடிந்ததும் மூக்கால் ஒரு பெருமூச்சு, அதுவும் என்னுடையது.

எழவு வீட்டில்கூட வாய் ஓயாத மயில்சாமி ஒரு வார்த்தை பேசவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு நின்றான். கோபம் என்று நினைத்தேன்.

ஏட்டய்யா குல்லாயைக் கவ்வி இழுத்தார்.

மூன்று வெள்ளைக் காளான்கள் அவர் மூக்குக்கு முன்னால் விழுந்தன.

ஒரு விரற்கடை தூரம். ராணியின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

ஏட்டய்யா நாலடி பின்னால் போய் உட்கார்ந்தார். வர்க்கி எங்கே என்று என்னைப் பார்த்தார்.

நான் காளான்களை வாரி வாளியில் போட்டு மூடினேன். வர்க்கியை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. வேலை பாக்கி இருக்கிறதாம். மறுபடி எழுந்து, மயில்சாமியின் தோளைப் பிடித்து, உதட்டோரம் மூக்கை வைத்தார்.

மயில்சாமி கொல்லைக் குழாய்க்கு ஓடினான். அவன் கொப்பளித்த கொப்பளிப்பில் குன்னூர் வரைக்கும் தண்ணீர்ப் பஞ்சம். நாய் மூஞ்சியில் பட்ட அருவருப்பாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே ஊருக்குப் போக வேண்டியவன், நாலு நாள் தங்கினான். தினமும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தான். “இன்னைக்கு எத்தனாவது நாளுங்க மச்சான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஐந்தாம் நாள் விடிந்ததும் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டுச் சிரித்தபடி பஸ் ஏறினான். மலைக் காற்று பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

அதிலிருந்து ஒரு விசேஷம் விடாமல் இந்தக் கதையைச் சொல்கிறேன். ஒரு விசேஷம் விடாமல் அவன் மறுக்கிறான். குல்லாய் காற்றில் விழுந்ததாம், காளான் தரையிலேயே கிடந்ததாம். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

நேற்று மயில்சாமி தன் மனைவி ஸ்ரீமதியோடு வந்தான். வாசற்படியில் ஏட்டய்யா போய் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கமணி சாட்சி.

மயில்சாமி தானாகவே குல்லாயைக் கழற்றி உதறினான். பிறகு குனிந்து, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

ஏட்டய்யா விலகி வழிவிட்டார்.

“ஏனுங்க, நாய்கிட்ட எதுக்குங்க வாயைத் தொறந்து காட்டறீங்க?” என்றாள் ஸ்ரீமதி.

மயில்சாமி என்னைப் பார்த்தான். ஏட்டய்யாவைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“மச்சான் சொல்றது நெசந்தான் புள்ள. ஒண்ணுதான் அவருக்குத் தெரியாது. குல்லாயில மூணு. நாலாவது நாக்குல இருந்துச்சு.”