வேலியில் கை வைக்காதே

“வேலியில நீ கை வைக்கக் கூடாதாம். அண்ணி கண்டிப்பா சொல்லிட்டாங்க.”

கணவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் செடி வெட்டும் கத்திரியை எடுத்துவிட்டாள்.

“எனக்கு உத்தரவு போட அவங்க யாரு? அவங்க வச்ச வேலின்னு தீ பயந்து ஒதுங்கிப் போயிடுமா?”

ஆறு வருடத்துக்கு முன்னால், அண்ணன் தம்பி பாகம் பிரித்த சண்டையில், இவள் முகத்திலேயே விழிக்கக் கூடாதென்று ஓரகத்தி இரண்டு வீட்டுக்கும் நடுவே வைத்த வேலிச்செடி அது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. சொல்வதெல்லாம் இவன் வழியாகத்தான். பாவம், தபால்காரப் பிழைப்பு.

இப்போது வேலி காய்ந்து, இரண்டு கூரையையும் உரசிக்கொண்டு நின்றது. போன வாரம்தான் மலைக்கு அந்தப் பக்கம் காட்டுத்தீயில் மூன்று வீடுகள் சாம்பலாயின. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரிகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று தீயணைப்புக்காரர்கள் வீடு வீடாக வந்து சொல்லியிருந்தார்கள்.

“வம்பு வேணாம்மா. ஞாயித்துக்கிழமை ஆள் கூட்டிட்டு வர்றேன்.”

“தீகிட்ட சொல்லிட்டீங்களா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுன்னு?”

“சரி, கத்திரியையாவது என்கிட்ட குடு.”

“உங்க அண்ணிக்குப் பயந்து பயந்து நீங்க வெட்டறதுக்குள்ள வீடே போயிடும். தள்ளுங்க!”

குனிய முடியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடிக்கிளையிலிருந்து ஆரம்பித்தாள். அவன் விழுந்ததையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய்த் தெருவோரம் போட்டான்.

சரக், சரக். ஒவ்வொரு வெட்டும் ஓரகத்தி வீட்டுச் சுவரில் எதிரொலித்தது.

“கேக்கட்டும், நல்லா கேக்கட்டும்!” என்று வேலியைப் பார்த்துக் கத்தினாள். “போலீஸுக்கு வேணும்னாலும் போங்க! என் வீடு எரியறதை நான் வேடிக்கை பார்க்க மாட்டேன்!”

மூச்சு வாங்கியது. கத்திரியை மடியில் வைத்தாள்.

எதிரொலி மட்டும் நிற்கவில்லை.

சரக். கண்ணெதிரே ஒரு கொத்துக் கிளை சரிந்தது. அந்தப் பக்கம், தலையெல்லாம் சருகும் வியர்வையுமாக, கையில் அரிவாளோடு ஓரகத்தி.

“மாசமா இருக்கறவ கை வைக்காதே, நான் வெட்டிக்கறேன்னுதானேடி சொல்லி அனுப்பினேன்!”