இருட்டுப் பை

இரண்டு கைகளும் முழங்கை வரை கறுப்புத் துணிக்குள் மாட்டியிருக்க, எழுந்திருக்க வழியில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி பண்ணீங்க? யாரு இப்படிக் கட்டிப் போட்டாங்க?"

யாரும் கட்டிப் போடவில்லை, நானேதான் மாட்டிக்கொண்டேன். கேமராவின் முதுகில் மாட்டும் மேகஸின் பெட்டிக்குள் வெளிச்சம் படாமல் ஃபிலிமை ஏற்றுவதற்கான இருட்டுப் பை அது. சட்டைக்கு இருப்பதுபோல் இரண்டு கைகள், முழங்கையைக் கவ்விக்கொள்ளும் எலாஸ்டிக். வேலை முடிவதற்குள் கையை உருவினால் ஃபிலிம் போச்சு.

இதை அவரிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வந்திருப்பது சீனியரின் அப்பா என்று புரிந்ததுமே 'வணக்கம் சார்' என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சீனியர் நான் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண். கேமரா உதவியாளர்களில் மூத்தவள், ஃபோகஸ் பார்ப்பவள். நான் ஃபிலிம் ஏற்றுபவன். அவள் என்னை 'நீ' என்பாள். நான் இன்னும் 'நீங்க'வைத் தாண்டவில்லை. யூனிட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பதட்டம்'. பொருத்தமில்லாமல் யாரும் பெயர் வைப்பதில்லை.

"அப்பா இன்னிக்கு உன்னைப் பாக்க வர்றாரு. ஒரே தடவைதான் பாப்பாரு. பிடிக்கலைன்னா அதோட சரி" என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். "கேமராவை நான் துடைச்சு, செக் பண்ணி, துணி போட்டு மூடிட்டேன். அதைத் தொடாதே. மேஜையில ஃபிலிம் டப்பா இருக்கு, அதை மட்டும் லோட் பண்ணு."

கையிருப்பில் ஒரே ஒரு ரோல்தான் மிச்சம், அது பாழானால் இன்று ஷூட்டிங் இல்லை என்று கேமராமேன் வேறு சொல்லியிருந்தார். டப்பாவை எடுத்தேன். சுற்றியிருக்கும் டேப்கூட ஏற்கெனவே பிரிந்திருந்தது. நகத்துக்கு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பைக்குள் கையை விட்டேன். அப்போதுதான் அவர் வந்து சேர்ந்தார்.

அப்பா கை குலுக்கக் கை நீட்டினார். நான் பையைத் தூக்கிக் காட்டி இளித்தேன். நீட்டிய கையை அவர் மெதுவாக இழுத்து, சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார்.

"பெரியவங்க வந்தா எந்திரிக்கிற பழக்கமெல்லாம் இல்லையோ?"

சட்டென்று எழுந்தேன். பை மடியிலிருந்து நழுவியது. பாதி ஃபிலிம் மேகஸினுக்குள், மீதி என் விரல்களுக்கு நடுவில். "ஐயோ!" என்று மறுபடி உட்கார்ந்தேன். மனசு கேட்காமல் மறுபடி எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். தோப்புக்கரணம் போடுகிறவனைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதாக்குறைக்கு மூக்கு அரித்தது. தோளில் தேய்த்தேன். மூக்குக் கண்ணாடி ஒரு காதிலிருந்து கழன்று கன்னத்தில் தொங்கியது. மாப்பிள்ளைக் களை அந்த நேரத்தில் என் முகத்தில் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

"அப்படி என்னதான் ஒளிச்சு வெச்சிருக்கீங்க உள்ள?" என்று குனிந்தவர், பையின் ஜிப்பைப் பிடித்தார்.

"தொடாதீங்க!"

கத்தியது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அதோடு விட்டேனா? "நீங்க யாரா வேணா இருங்க சார், முதல்ல கையை எடுங்க!" என்று பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

மாமனாராக வரவேண்டியவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீனியர் இனி எனக்கு இல்லை என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

கதவருகே செருப்புச் சத்தம் கேட்டது. சீனியர்தான்.

"பேங்க்ல லாக்கர் ரூமைப் பாத்துக்கிட்டவன் நான்" என்று அவளிடம் சொன்னார் அப்பா. "மேனேஜரே வந்து நின்னாலும் முறை இல்லாம திறக்க விட்டதில்ல. இந்தப் பையன் என்னையே அதட்டுறான்! ஒண்ணை நம்பிக் குடுத்தா உசிரே போனாலும் விடமாட்டான் போலிருக்கு. எனக்குச் சம்மதம்மா."

என் கண்ணாடியை அவரே காதில் மாட்டிவிட்டு, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மிச்ச ஃபிலிமை ஏற்றி, மேகஸினை மூடி, கைகளை வெளியே எடுத்தேன். இனி என்னைக் கையில் பிடிக்க முடியுமா?

"பாத்தீங்களா சீனியர்? இனிமே எவனாவது என்னைப் பதட்டம்னு கூப்பிடட்டும், பேசிக்கிறேன். ஒரு ரோலுக்காகக் கல்யாணத்தையே பணயம் வெச்சவன் நான்!"

அவள் கேமராவை மூடியிருந்த துணியை விலக்கினாள். அதன் முதுகில் ஏற்கெனவே ஒரு மேகஸின் உட்கார்ந்திருந்தது.

"அப்பாவைப் பாத்ததும் கையை உருவிக்கிட்டு எந்திரிச்சிடுவியோன்னு பயந்து, நல்ல ரோலைக் காலையிலேயே நானே ஏத்திட்டேன்" என்றாள்.

கையிலிருந்த மேகஸினைப் பார்த்தேன். "அப்போ, இது?"

"நீ லோடிங் பழகுறதுக்கு வெச்சிருக்கிற வேஸ்ட் ரோல். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே!"