வலப்பக்கம் பத்துக்குப் பத்து

பழைய மியூசிக் பிளேயர்தான், ஆனால் உயர்ந்த ரகம். இரண்டு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார் ஓசூர்க் கடைக்காரர். ஞாயிறு காலை அதன் ஹெட்போனை மாட்டி ஒரே பாட்டை நான்கு முறை கேட்டு, தாளில் மதிப்பெண் போட்டேன். இடப்பக்கம் ஆறு, தபேலா மந்தம். வலப்பக்கம் பத்துக்குப் பத்து. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

என் மனைவி ரஞ்சிதா தாளை எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் வலது காது கேக்காதே?"

கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் நின்றதில் போன காது அது. தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் கம்பெனியில் காது சோதிக்கும்போதெல்லாம், சோதிப்பவரின் கை அசைவதைப் பார்த்து, சத்தம் கேட்டதுபோல் பொத்தானை அமுக்கிவிடுவேன். வருடா வருடம் நார்மல் என்றே எழுதினார்கள்.

போன மார்கழியில், என்னோடு வேலை பார்த்த திம்மராயன் பிரஸ்ஸுக்குள் குனிந்து அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் வலப்பக்கம். மூன்று முறை கத்தினானாம். நான் பிரஸ்ஸை இறக்கிவிட்டேன்.

ரஞ்சிதா ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தாள். "வலது பக்கம் வேலையே செய்யலைங்க. ஒண்ணுமே வரலை. நாளைக்கே திருப்பிக் குடுத்துடுங்க."

அவள் சமையலறைக்குப் போனதும் மறுபடி மாட்டினேன். பாட்டு முடிந்தது. இடப்பக்கம் ஓய்ந்தது. வலப்பக்கத்தில், பின்னால் மெஷின் இரைச்சல் துளியும் இல்லாமல், திம்மராயன் குரல் வந்தது.

"இருங்கண்ணா. நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

மூன்று முறை சொன்னான். மூன்று முறையும், காது சோதனையில் போல, கையில் இல்லாத பொத்தானை என் கட்டைவிரல் அமுக்கியது.