கேமராவைப் பார்க்காதே

"கேமராவைப் பார்க்காதேன்னு எத்தனை வாட்டிய்யா சொல்றது? எஜமான் சாகக் கிடக்கிறான். அவனைப் பார்த்துக் கெஞ்சு!"

டைரக்டர் பெர்த்தோனே தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். டூரினில் அன்று மேகமூட்டம். கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம் வருகிற வரைதான் படம் பிடிக்க முடியும். அவர் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

முகமெல்லாம் மாவோடு நின்றான் எவாசியோ. எஜமானிடம் எப்படியாவது உயிலில் கையெழுத்து வாங்கிச் சொத்தைச் சுருட்டப் பார்க்கும் வேலைக்காரன் வேடம். அதற்காகக் காலையிலிருந்து மூன்று முறை ஏணியிலிருந்து விழுந்திருந்தான்.

"இந்த ஒரு இடம் மட்டும் நேரா முகத்தைக் காட்டிப் பேசிக்கிறேன் ஐயா."

"ஊமைப் படத்துல நீ என்ன பேசினா எவனுக்குக் கேட்கப் போகுது? வசனத்தை நான் அட்டையில எழுதிப் போடப் போறேன். இன்னொரு தடவை இப்படிப் பண்ணினே, நாளைக்கு உன் சட்டையை வேற ஒருத்தன் போட்டிருப்பான்!"

சூரியன் மறைந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். சாகக் கிடக்கும் எஜமானாக நடித்த கிழவர் கௌதென்சியோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

"முகமே சரியில்லையேப்பா. ஊர்ல ஏதாவதா?"

"அம்மாண்ணே. காசாலேயில வீடும் திராட்சைத் தோட்டமுமா தனியா இருக்கு. சாவி, சமையல், தபால் எல்லாம் வேலைக்காரன் செக்கோந்தோ கையில. நவம்பர்ல மார்த்தின் திருநாளுக்கு நோட்டரியை வரவழைச்சு மொத்தத்தையும் அவன் பேருக்கு எழுதி வாங்கப் போறானாம்."

"லெட்டர் போடேன்."

"வாங்கறதே அவன்தானே! ஆகஸ்ட்ல நேர்லயே போனேன். 'கூத்தடிக்கிற பிள்ளை எனக்கு வேண்டாம்'னு அம்மா சொல்லிடுச்சுன்னு சொல்லி நாயை அவுத்து விட்டான்."

"ஒருவேளை அம்மாவே அப்படிச் சொல்லியிருந்தா?"

எவாசியோ சட்டையில் இருந்த மாவைத் தட்டினான். "சொல்லியிருந்தா தோட்டம் போகட்டும்ணே. ஆனா நான் எட்டியே பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு அது கையெழுத்துப் போட்டுடக் கூடாது."

கிழவர் சுருட்டை அணைத்தார். வெளிச்சம் திரும்பியது. கேமரா ஓடத் தொடங்கியதும் அவர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். கெஞ்சுவதற்கு எதிரே முகமே இல்லாமல் எவாசியோ கேமராவின் பக்கம் திரும்பினான். நெஞ்சில் கைவைத்து, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பேசினான்.

பெர்த்தோனேவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கிழவா, யார் உன்னைப் போர்த்திக்கச் சொன்னது?"

"குளிருச்சு ஐயா."

ஃபிலிம் விலையை நினைத்து அவர் அதையே வைத்துக்கொண்டார்.

மார்த்தின் திருநாளுக்கு முந்தின நாள் ஞாயிறு. காசாலேயில் எவாசியோவின் தாய் எர்மினியா அம்மாள் எந்த ஞாயிறும் கொட்டகைக்குப் போய்ப் படம் பார்க்கத் தவறியதில்லை. அன்று செக்கோந்தோ தானே மெனக்கெட்டு முன்வரிசையில் இடம் பிடித்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் எவாசியோ ஏணியிலிருந்து விழும்போதெல்லாம் அம்மாளின் தோளைத் தொட்டுத் திருப்பினான்.

"பாருங்க உங்க பிள்ளையோட லட்சணத்தை! இவனுக்கா சொத்து?"

அம்மாள் தலை குனிந்து, மறுபடி திரையைப் பார்த்தாள்.

மாவு பூசிய முகம் திரையில் வாயை அசைத்தது. பின்னாலேயே அட்டை வந்தது: 'எஜமானே, ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்கள்!' கொட்டகை அதிர்ந்தது. செக்கோந்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திரும்பிப் பார்த்தால், அம்மாளின் கன்னமெல்லாம் கண்ணீர்.

"அழாதீங்கம்மா. நாளைக்கு நோட்டரி வந்துட்டுப் போயிட்டா இந்த அவமானமெல்லாம் உங்களுக்கு இல்லை."

அவள் தன் தோளிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டாள்.

கொட்டகையில் அந்த அட்டையைப் படிக்காதவள் அவள் ஒருத்திதான். எட்டு வயதில் காய்ச்சலில் காது போனதிலிருந்து அவள் படித்துவந்தது உதடுகளை. திரையில் அவள் மகனின் உதடுகள் சொன்னது இதுதான்: "அம்மா, நான் வந்தேன். செக்கோந்தோ நாயை ஏவி விரட்டிட்டான். கையெழுத்துப் போட்டுடாதே."