பெட்டிக்குள் ஏழு வளையல்

நாளை தங்கைக்குக் கல்யாணம். ஏழு பொன்வளையலும் போடாமல் போய் நின்றால் ஊரே பேசும். கத்ராவோ அவற்றைக் கணவனுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

“மணல்காத்து அடிச்சு ஒரு வாரமாச்சு, மிலூத். உள்ள கூடை மண்ணு இருக்கும். நான் துடைக்கிறேன், நீ காபிக் கடைக்குப் போ.”

“ஷாக் அடிக்கும், புள்ள!”

“வயரைப் பிடுங்கிட்டேன்.”

“சூடாவது ஆறட்டும்.”

“காலையிலேருந்து போடவே இல்ல.”

“உனக்குத் தூசி ஆகாது. நாளைக்கு நானே துடைக்கிறேன்.”

“கட்டின நாள்லேருந்து இல்லாத கரிசனம்!”

அவன் நகர்வதாக இல்லை. இனிப் பொறுக்க முடியாமல் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள் கத்ரா.

காற்றாடி இறக்கையில்கூட ஒரு பொட்டு மண் இல்லை. கழுவிய தட்டுபோல் மின்னியது. வளையல்களும் இல்லை.

“எப்பய்யா வித்த?”

“தூசி தட்டத்தான் திறந்தேன், புள்ள,” என்றான் மிலூத், தரையைப் பார்த்தபடி.